தூண்டில் பிடித்த கை



சென்ற மாதம் அலுவலாக இரணைமடுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. தாயும் இரண்டு பிள்ளைகளும் கனகராயன் ஆற்றங்கரையில் இருந்தார்கள். சின்னவளின் கையில் தூண்டில். மிதப்புக்கு மயிலிறகுத் தண்டு, இரைக்கு மண்புழு.

"மிதப்பு ஆடின உடனை இழுக்காதை பிள்ளை. அமிழட்டும்."

தாய்க்கு இதைப் பழக்கியவர் அவரது தகப்பன். 2009இல் காணாமற்போனவர். அதன்பின் இவர் தண்ணீர்க்கரைக்கே வந்ததில்லையாம். மகள் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வருடம் வந்திருக்கிறார்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குத் தூண்டில்?" என்கிறார்களாம் அயலில். (சிறுவயதில் எனக்கும் இதே கேள்விதான்!)

பின்னேரத்துக்குள் இரண்டு திலாப்பியா. 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், இன்று எங்கள் வீடுகளின் கறி. மூன்றாவது விரலளவு. அதைச் சின்னவள் ஆற்றிலேயே விட்டாள்.

"அம்மப்பாவும் சின்னனை விட்டிடுவாராம்," என்றாள் என்னிடம்.