கவரில் மிஞ்சிய முகவரி

“எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம், அக்கா” என்றார் இணையதளம் செய்துதர வந்த தம்பி. 2021இல், கோவில்பட்டியில் எங்கள் கடையின் கல்லாவுக்கு எதிரே நின்றுகொண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. வெளியூரிலிருந்து போன் வராத நாளில்லை. வெல்லத்துக்குக் கிலோவில் ஐம்பது பைசா குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறவள் நான். அந்த “எல்லாம்” என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

தளம் நன்றாகத்தான் இருந்தது. முகப்பில் அப்பா படம், கீழே எட்டுப் பொருள், விலை. அந்தப் பெருமையில் இணைய முகவரியைக் கொட்டை எழுத்தில் போட்டுப் பாக்கெட் கவர் அச்சடித்தேன், பத்தாயிரம். மறு வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் தளம் திறக்கவில்லை. முகவரிக்கான ஆண்டுச் சந்தா எப்போதோ முடிந்திருந்தது. அது தம்பியின் மின்னஞ்சலில், தம்பியின் பெயரில் பதிவாகியிருந்ததால் நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. அவரோ வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். பழைய எண்ணும் இல்லை. டாட் காம் முகவரி காலாவதியானாலும் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம், அதற்குப் பிறகு முப்பது நாள் அபராதத்தோடு மீட்கலாம். கணக்கே நம் கையில் இல்லையென்றால் இரண்டுமே ஏட்டுச் சுரைக்காய்தான். தம்பி ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். கொத்தனார் பெயரில் பத்திரம் எழுத விட்டவள் நான்.

கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாத வாடகையை மறக்கிற வியாபாரி உண்டா? இணையதளத்தில் அதைத்தான் செய்கிறோம். வங்கிக் கடனுக்காகத் தயாரித்த என் திட்ட அறிக்கையில்கூட, கடலை வறுக்கும் இயந்திரத்துக்கு அடுத்த வரியில் “வெப்சைட் – 12,000” என்று மூலதனச் செலவாக எழுதியிருந்தது. அடுத்த ஐந்து வருட வரவு செலவில் அது தலைகாட்டவே இல்லை. இயந்திரத்துக்குப் பெல்ட் மாற்றும் செலவு இருந்தது.

இரண்டாம் முறை தளம் போடுமுன் நோட்டை எடுத்துச் செலவை நானே எழுதினேன், மூன்றாம் வருடத்திலிருந்து பின்னோக்கி. முகவரிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்குக்கு விளம்பரத்தில் போடுவது முதல் தவணை விலை. புதுப்பிக்கும்போது கேட்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த விலைப் பட்டியல் அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. முகவரிக்குப் பக்கத்தில் தெரிகிற பூட்டுச் சின்னத்துக்கு ஒருவர் ஆண்டுக்கு மூவாயிரம் கேட்டார். லெட்ஸ் என்கிரிப்ட் என்கிற லாப நோக்கமற்ற ஏற்பாடு அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. அந்த மூவாயிரத்தை அடித்தேன்.

அடிக்க முடியாதவையும் இருந்தன. கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையில் 600 ரூபாய் வந்தால் 600ம் எனக்கு. தளத்தில் பணம் வாங்கித் தரும் நிறுவனம் இரண்டு சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் எடுக்கிறது. 600க்கு 14 ரூபாய் 16 காசு. ஒரு பெட்டிக்கு எனக்கு நிற்கிற லாபத்தில் அது கால்வாசி. இன்னொன்று ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது: சரக்கு விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு என்றாலும், வரி உள்ள சரக்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்குத் தனிச் சலுகை உண்டு, மிட்டாய்க்கு இல்லை. பெங்களூருக்கு ஒரு பெட்டி போனாலும் தவணை தவறாமல் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம். இதை எந்த வடிவமைப்பாளர் தன் கொட்டேஷனில் எழுதுவார்? அவர் வேலையும் அல்ல அது.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கூடை, கட்டணப் பொத்தான் எல்லாம் வைத்த தளத்தை முதல் வருடம் போட வேண்டாம் என்பது என் கட்சி. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவதற்குக் காசில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியல் போடவும் காசில்லை. உங்கள் பெயரிலேயே பதிவான முகவரியில் ஒரே ஒரு பக்கம், அதில் போன் எண். போதும். நாளுக்கு ஐந்து பார்சலாவது கட்டி, பதில் சொல்லி ஆளுக்கு மூச்சு முட்டும்போது கூடையைப் பற்றி யோசிக்கலாம். இளைய தலைமுறை இதை ஒப்புக்கொள்வதில்லை. என் அண்ணன் மகன், “ஒரு பக்கத் தளமெல்லாம் விசிட்டிங் கார்டு மாதிரி அத்தை” என்கிறான். விசிட்டிங் கார்டு கொடுத்துத்தான் அவன் தாத்தா கடை நடத்தினார்.

கை தாராளமாக இருக்க வேண்டிய இடம் படம். பாகு சரியான பதத்தில் இறங்கிய கடலைமிட்டாய்க்குக் கண்ணாடிபோல ஒரு மினுக்கம் உண்டு. போன் கேமராவில் அது அழுக்கு மஞ்சளாகிவிடும். கல்யாணப் படமெடுக்கும் ஒருவரை ஆடி மாதத்தில் கூப்பிட்டேன். முகூர்த்தம் இல்லாத மாதம், ஆறாயிரத்துக்கு ஒரு பகல் முழுக்க நின்றார். வைகாசியில் கேட்டிருந்தால் போனையே எடுத்திருக்க மாட்டார். தளத்தைப் புதிதாகச் செய்ததற்கு ஆன செலவைவிட அந்த ஆறாயிரம்தான் எனக்கு அதிகம் விற்றுக் கொடுத்தது.

புதிய முகவரியை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன். முடிகிற தேதி, உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது. பழைய முகவரியை யாரோ விலைக்குப் போட்டிருக்கிறார்கள், விலை டாலரில். பழைய கவரில் ஏழாயிரம் மிச்சம். நானும் வேலைக்கு வரும் மூன்று பெண்களும் தீபாவளிவரை ராத்திரி ராத்திரியாக ஸ்டிக்கர் ஒட்டி நாலாயிரத்தைத் தீர்த்தோம். மீதியை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மோர்மிளகாய் போட்டுவைக்க நன்றாக இருக்கிறதாம்.