கேஸ் பிழைக்க தொண்ணூறு நாள்!

நம்ம ஊர் சிவில் கேஸ்களுக்கு ஆயுசு ரொம்பக் கெட்டி. தாத்தா பிராது போடுவார், அப்பா வாய்தாவுக்கு அலைவார், பேரன் போய் டிக்ரி வாங்குவான். வேலித் தகராறில் ஆரம்பித்த கேஸ் முடிகிறபோது வேலியே இருக்காது. சரி, கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே வாதியோ பிரதிவாதியோ மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்?

பி.காமில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. கூட்டு வியாபாரத்தில் ஒரு பார்ட்னர் செத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கூட்டே கலைந்துவிடும். கம்பெனி அப்படியில்லை. ஷேர் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் போனாலும் அது கல்லுக்குண்டாக நிற்கும். சிவில் கேஸ் இரண்டுக்கும் நடுவில். ஆள் செத்தவுடன் அது சாகாது. கவனிக்காமல் விட்டால் செத்துவிடும். கெடு 90 நாள்!

சிவில் நடைமுறைச் சட்டத்தில் 22-வது ஆர்டர் என்று ஒன்று இருக்கிறது. இறந்தவருக்குப் பதில் அவர் வாரிசைக் கேஸில் சேர்க்கும் சமாசாரம் எல்லாம் அதில்தான். கோர்ட் வட்டாரத்தில் ‘எல்.ஆர். பெட்டிஷன்’ என்பார்கள். இறந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் போடவேண்டும். கவனிக்க: உங்களுக்குத் தெரிந்த தேதியிலிருந்து அல்ல, இறந்த தேதியிலிருந்து. போடாவிட்டால் கேஸ் ‘அபேட்’ ஆகிவிடும். அதாவது, அற்றுப்போய்விடும். சரி, புதுசாக இன்னொரு கேஸ் போட்டுக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. அதே விவகாரத்துக்கு மறுபடி பிராது கிடையாது என்று சட்டம் கதவைச் சாத்திவிடுகிறது.

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் அப்பா தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம், பென்ஷன் பேப்பர், எல்.ஐ.சி. பாலிசி, கேஸ் கனெக்‌ஷன் பெயர் மாற்றம் என்று மனுஷர் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமல்ல. நாலு மாசம் கழித்து, டிரங்குப் பெட்டியில் அம்மாவின் பழைய பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கட்டு கிடைத்தது. ஊரில் இருக்கும் முப்பது சென்ட் நிலத்துக்காக அப்பா போட்ட கேஸ். வீட்டில் ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை!

வக்கீல் ஆபீஸுக்கு ஓடினார். குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். “நூத்தி இருபத்தி ரெண்டு நாள் ஆச்சே தம்பி! கேஸ் அபேட் ஆயிடுச்சு. ஆனா பயப்படாதீங்க, இன்னும் மூச்சு இருக்கு” என்றார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். 90 நாள் தாண்டினால், ‘அபேட் ஆனதை ரத்து பண்ணுங்க’ என்று கேட்க இன்னும் 60 நாள் உண்டு. ஆக மொத்தம் 150. அதையும் தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. ஒன்றில் முடிகிற வேலை இரண்டாகி, இரண்டு மூன்றாகும். நண்பர் இரண்டோடு தப்பித்தார்.

‘நாம மட்டும்தான் இப்படிக் கோட்டை விடுகிறோமோ’ என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். சாட்சாத் பஞ்சாப் சர்க்காரே விட்டிருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேருடைய நிலத்தை ராணுவத் தேவைக்காக எடுத்துக்கொண்டது சர்க்கார். அவர்களுக்கு உத்தரவான நஷ்டஈடு ஜாஸ்தி என்று அப்பீல் போனது. நடுவில் ஒருவர் இறந்துவிட்டார். அவருடைய வாரிசுகளைக் கெடுவுக்குள் சேர்க்கவில்லை. தீர்ப்பு இருவருக்கும் சேர்த்துத் தரப்பட்ட ஒன்று என்பதால், உயிரோடு இருந்த மற்றவர் மேல் போட்ட அப்பீலும் நிற்காது என்று 1960-களின் ஆரம்பத்தில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஒருத்தர் சாவு, அப்பீல் மொத்தமும் அவுட்!

கோர்ட்டுக்கு இரக்கமே கிடையாதா என்றால், உண்டு. கேரளத்துப் பெருமண் பகவதி தேவஸ்வம் வழக்கில் 2008-ல் சுப்ரீம் கோர்ட் நியாயமாகவே பேசியது. ஹைகோர்ட்டில் வருஷக்கணக்கில் கூப்பிடாமலே கிடக்கிற அப்பீலில், எதிராளி இருக்கிறாரா போய்விட்டாரா என்று மாசாமாசம் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பது சாரம். ஆனால் அந்தக் கருணையை நம்பி வீட்டில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

கேஸில் சேர்ந்தால் அப்பாவின் கடனெல்லாம் நம் தலையில் விழுமோ என்று சிலருக்கு உதறல். விழாது. அவர் விட்டுப்போன சொத்தில் உங்கள் கைக்கு என்ன வந்ததோ, அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. உங்கள் சம்பளக் கவரில் கைவைக்க முடியாது. ஆனால் ஒன்று: அப்பா விட்ட இடத்திலிருந்துதான் நீங்கள் தொடரவேண்டும். லெட்ஜரில் முந்தின பக்க இருப்பைக் கொண்டுவந்து எழுதுகிற மாதிரி. புதுக் கணக்கு கிடையாது.

சாவு மட்டும்தான் என்றில்லை. கேஸ் நடக்கும்போதே சொத்தை ஒருத்தர் விலைக்கு வாங்கினால், கோர்ட் அனுமதியோடு விற்றவர் இடத்தில் அவர் வந்து நிற்கலாம். நிற்காவிட்டாலும் தீர்ப்பு அவரைக் கட்டும். ஆகவே, ‘சல்லிசா வருது சார்’ என்று புரோக்கர் சொல்லும் மனைக்குப் பின்னால் ஒரு கேஸ் ஒளிந்திருக்கலாம், ஜாக்கிரதை. கேஸ் போட்ட பெண்ணுக்கு நடுவில் கல்யாணம் ஆனால்? அவள் பாட்டுக்குத் தாலி கட்டிக்கொள்ளலாம், கேஸ் பாட்டுக்கு நடக்கும். ஆனால் ‘என் மானம் போச்சு’ என்று நஷ்டஈடு கேட்டவர் வழக்கு நடக்கையில் போய்ச் சேர்ந்தால், கேஸும் கூடவே போய்விடும். மானம் பரம்பரைச் சொத்து இல்லை போலும்!

தன் கட்சிக்காரர் இறந்தது தெரிந்தால் வக்கீல் அதைக் கோர்ட்டுக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1976-ல் ஒரு விதி சேர்த்தார்கள். அது ஒன்றுக்காக மட்டும், இறந்தவரோடு அவர் போட்ட ஒப்பந்தம் உயிரோடு இருப்பதாகப் பாவனை. ஆனால் வக்கீலுக்கு யார் சொல்வது? நாம்தான் சொல்லவேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் ஆபீஸ் வாரிசுச் சான்றிதழ், உயில் இருந்தால் அது. இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு காரியம் முடிந்த மறு வாரமே போய்விடுவது உத்தமம்.

அதற்கு முதலில் கேஸ் இருப்பது தெரியவேண்டுமே? நம் அப்பாக்கள் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தைச் சொல்வார்கள், கேஸ் கட்டு இருக்கும் இடத்தைச் சொல்லமாட்டார்கள். ‘உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா...’ என்று ஆரம்பித்தால் வீட்டில் ரகளைதான். வேறு வழி இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும், “அந்த நெலத்து கேஸ் என்னப்பா ஆச்சு?” என்று சும்மா கேட்டுவையுங்கள். எதிராளியையும் அவன் வம்சத்தையும் அரை மணி நேரம் திட்டுவார். திட்டட்டும். நடுநடுவே எந்தக் கோர்ட், எந்த வருஷம், என்ன நம்பர், எந்த வக்கீல் எல்லாம் வந்து விழும். செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அந்த நம்பரைத் தட்டினால் அடுத்த வாய்தா தேதியே வந்துவிடும். அப்பாவிடம் காட்டுங்கள், சந்தோஷப்படுவார். இத்தனை வருஷமாக அந்தக் கேஸைப் பற்றி வீட்டில் அவரிடம் ஒருத்தரும் கேட்டதே இல்லை.