செங்கழுநீரும் வெங்காயத்தாமரையும்

செங்கழுநீர்ப் பூக்கள் மலிந்திருந்தமையால் செங்கழுநீர்ப்பட்டு எனப் பெயர்பெற்ற ஊரே செங்கற்பட்டாயிற்று என்பர். அவ்வூர்க் கொளவாய் ஏரியில் வெங்காயத்தாமரை படர்ந்து கிடக்கக் கண்டு வருந்தினேன். தாமரை என்பது பெயரளவே! தென்னமெரிக்காவில் தோன்றிய இக்களை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச் செடியாக நம் நாடு புகுந்தது. இரு வாரங்களில் இருமடங்காகப் பெருகவல்லது. நீரின்மேல் கம்பளம்போல் மூடிக் கதிரொளியைத் தடுக்கும். நீரில் உயிர்வளி குன்ற, மீன்கள் மடியும்.

மாமல்லபுரத்தை அடுத்துக் கடல்நீர் ஏறும் கழிகளில் இது தழைப்பதில்லை. உப்பு இதற்குப் பகை. நன்னீரோடு கழிவுநீரும் கலந்துவிட்டாலோ, அதுவே எருவாகிவிடும். வெப்பம் மிகுந்துவரும் இந்நாளில் வளர்ச்சி மேலும் விரையும். மாணவர்களே, செடியை அள்ளுவது மட்டும் போதாது. கழிவுநீர் வரும் வழியை அடைத்தலே முதற்பணி என்பேன். அள்ளியதைக் கரையிலேயே குவித்து வைப்போரும் உளர். அடுத்த மழையில் அது மீண்டும் ஏரிக்கே வந்து சேரும்.