பட்டனைத் திருப்பிக் கொடுங்கள்!

செல்போனின் எதிர்காலம் என்று பேச ஆரம்பித்தாலே மடிக்கும் திரை, பேசினால் கேட்கும் ஏஐ என்று ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. அதில் யாரும் சேர்க்காத ஒன்று உண்டு... பட்டன்! சிரிக்க வேண்டாம். செல்போன் வடிவமைப்பு உருப்பட வேண்டுமென்றால் அது திரும்பி வந்தே ஆக வேண்டும்.

பழைய கீபேடு போன்களில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். விரல் அதைத் தொட்டால் போதும், மற்ற எண்கள் எங்கே என்று கண் பார்க்காமலே கை கண்டுபிடித்துவிடும். பார்வை இல்லாதவருக்கும் அது வேலை செய்தது, இருட்டில் நின்றவருக்கும் வேலை செய்தது.

2007ல் ஐஃபோனை அறிமுகம் செய்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு வாதம் வைத்தார். பிளாஸ்டிக் பட்டன்கள் தேவையோ இல்லையோ அங்கேயே இருக்கின்றன, விற்ற பிறகு மாற்ற முடியாது என்றார். நியாயம்தான். தனியாக பட்டன் அச்சடிக்காமலே தமிழ் கீபோர்டு வர முடிந்தது திரையால்தான். ஆனால் அவரே ஒரு பட்டனை விட்டுவைத்தார். எங்கே போய் சிக்கிக்கொண்டாலும் ஹோம் பட்டனை அமுக்கினால் முதல் இடத்துக்கு வந்துவிடலாம்.

2017ல் ஐஃபோன் எக்ஸ் வந்தது, அந்த பட்டனும் போனது. 2019ல் ஆண்ட்ராய்டு 10ம் அதே வழியில் இறங்கியது. கீழிருந்து இழுத்தால் ஒன்று, இழுத்துப் பிடித்தால் இன்னொன்று, ஓரத்திலிருந்து இழுத்தால் வேறொன்று. இதெல்லாம் திரையில் எங்காவது எழுதியிருக்கிறதா? சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒரு பேரன் வேண்டும். பேரன் வெளியூரில் இருந்தால் தாத்தாவின் கதி?

"செட்டிங்ஸில் மூன்று பட்டன் முறை இருக்கிறதே" என்பார்கள். ஆண்ட்ராய்டில் இருக்கிறது. ஆனால் அது யாருக்குத் தேவையோ, அவருக்குத்தான் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடத் தெரியாது!

"பழகிக்கொள்ள வேண்டியதுதானே?" என்பது அடுத்த கேள்வி. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பட்டன் வைத்தால் கம்பெனிக்குச் செலவு. எடுத்துவிட்டால் அந்தச் செலவு காணாமல் போவதில்லை, வாங்கியவர் தலையில் ஏறுகிறது. தடுமாற்றமாக, வீணாகும் நேரமாக, அடுத்தவரைக் கெஞ்சுவதாக. எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் அது வராது, அவ்வளவுதான்.

உயிர் போகும் நேரத்தில் எது கைகொடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2016ல் மத்திய அரசு கொண்டுவந்த பேனிக் பட்டன் விதியைப் பாருங்கள். சாதாரண போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை அமுக்கலாம். ஆபத்து என்றதும் விரல் தேடுவது பட்டனைத்தான்!

2017ல் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் மெக்கெய்ன் ஒரு டேங்கர் மீது மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். தொடுதிரையில் கப்பலை இயக்கும் முறையில் இருந்த குழப்பமும் ஒரு காரணம் என்றது விசாரணை. கையால் தள்ளும் பழைய நெம்புகோலுக்கே திரும்புவதாக 2019ல் கடற்படை சொன்னது.

2023ல் ஐஃபோன் 15 ப்ரோவில் ஆப்பிளே 'ஆக்‌ஷன் பட்டன்' என்று ஒன்றைப் புதிதாக வைத்தது. ஆக, பட்டன் வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிகிறது. விலை கூடிய மாடலில் சலுகையாக வந்ததை மலிவான போனில் உரிமையாகக் கொடுக்க என்ன தடை?

கேட்பது பெரிதல்ல. திரையில் கண்ணுக்குத் தெரியும் ஒரு 'பேக்', ஒரு 'ஹோம்'. ஒளித்துவைத்த ஒவ்வொரு இழுப்புக்கும் பதிலாக, பார்த்ததும் புரியும் ஒரு வழி. தொட்டால் தெரியும் ஒரு பட்டன். இந்த மூன்றும் இல்லாத போன் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன? கைப்பிடி இல்லாத கதவு அது!