மீடியம் ஃபார்மட் கேமரா யாருக்கு வேண்டும்?

2017-இல் ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் கேமரா வந்தபோது, லென்ஸ் இல்லாமலே அமெரிக்காவில் 6,499 டாலர். 2024-இல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் II மாடலில் மெகாபிக்சல் இரு மடங்கு, அறிமுக விலையோ 4,999 டாலர். ரிங்கிட்டில் சம்பாதிப்பவருக்கு இன்னமும் பெரிய தொகைதான். ஆனால் எட்டாக்கனி இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோவில் விழா என்று பினாங்கின் ஜார்ஜ்டவுனில் தொழில் செய்யும் தமிழ்ப் படக்காரர் ‘வாங்கிவிடலாமா?’ என்று யோசிப்பது நியாயமே.

யோசிக்கட்டும். வாங்க வேண்டியதில்லை.

மீடியம் ஃபார்மட் வகையான இந்த கேமராக்களின் சென்சார் 43.8-க்கு 32.9 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் சென்சாரைவிடப் பரப்பில் ஏறத்தாழ 1.7 மடங்கு. நிழலுக்குள் மறைந்த விவரம் மீண்டு வரும். பட்டுச்சேலையின் சரிகைக்கும் முகத்தின் நிறத்துக்கும் நுட்பமான படிநிலைகள் கிடைக்கும். அதெல்லாம் உண்மை. ஆனால் கல்யாண ஆல்பத்தில் 12-க்கு 18 அங்குலப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட 5,400-க்கு 3,600 பிக்சல் போதும். சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவே 6,000-க்கு 4,000 தருகிறது. மிச்சமுள்ள படங்கள் போவது வாட்ஸ்அப்புக்கு. அங்கே எல்லாமே சுருங்கிவிடும்.

தைப்பூசத்துக்கு முதல் நாளான செட்டிப் பூசத்தை எடுத்துக்கொள்வோம். பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து காளைகள் இழுக்கும் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக் கோவிலை நோக்கிப் புறப்படுகிறது. வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டுகள், உடைக்கக் குவித்த தேங்காய்கள், முண்டியடிக்கும் கூட்டம். இருட்டிய பிறகு, ஆடி வரும் காவடிக்காரரை லென்ஸை அகலத் திறந்து கிட்டத்தில் எடுத்தால், நாக்கில் குத்திய வேல் துல்லியமாக விழும், கண்கள் மங்கிவிடும். சென்சார் பெரிதாக ஆக, அதே கோணத்துக்கும் அதே எஃப் எண்ணுக்கும் கூர்மை நிற்கும் ஆழம் இன்னும் குறையும். கை நடுக்கத்தை கேமரா தாங்கிக்கொள்ளும். காவடியின் ஆட்டத்தை அது நிறுத்தாது. இந்த வேலைக்கு வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவே கைகொடுக்கும்.

பெரிய அளவு தவிர்க்கவே முடியாத காலம் ஒன்று பினாங்கில் இருந்தது. 1860-களின் தொடக்கத்தில் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் புகைப்படக்காரர் இங்கே பத்து மாதம் தங்கினார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன் படம் எடுத்துக் கழுவ வேண்டும். தகட்டைத் தாளோடு ஒட்டவைத்துத்தான் அச்சு. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய தகடு. அந்த வேலைக்கு அவர் பழக்கியது இரண்டு மெட்ராஸ்காரர்களை. 1875-இல் வெளியான தம் நூலில் தாம்சனே இதைப் பதிவு செய்திருக்கிறார், அவர்களின் பெயரைச் சொல்லாமல். இந்தத் தீவின் படக்கலையில் நம்மவர் கை அன்றே பட்டிருக்கிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

இன்று பெரிய சென்சார் தேவைப்படுவது அசையாத பொருள்களுக்கு. குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலின் கோபுரச் சுதைச் சிற்பங்கள், 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரின் பழைய கடைவீடுகள், வீட்டுச் சுவர்களில் பூஞ்சை பிடித்து மங்கும் தாத்தா பாட்டி படங்கள் ஆகியவற்றை முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒளியமைத்து 100 மெகாபிக்சலில் பிரதியெடுத்தால், அசல் அழிந்தாலும் ஆதாரம் இருக்கும். அதைத் தனி ஆள் தலையில் கட்டுவது தவறு. 16 பிட்டில், சுருக்காத ரா கோப்பு ஒன்றே 200 எம்பியைத் தாண்டும். சேமிப்புக்கும் கணினிக்கும் தனிச் செலவு.

படக்காரர் அந்தப் பணத்தில் நல்ல ஃபிளாஷும், 85 மில்லிமீட்டர் லென்ஸும், இந்த ஊர் ஈரத்துக்குக் கட்டாயமான டிரை கேபினட்டும் வாங்கட்டும். கோவில் நிர்வாகங்களும் தமிழ்ச் சங்கங்களும் சேர்ந்து ஒரு மீடியம் ஃபார்மட் கேமராவை வாங்கி, அதே படக்காரர்களுக்குக் கூலி கொடுத்து இந்த ஆவணப் பணியை அடுத்த தைப்பூசத்துக்குள் தொடங்க வேண்டும்.