பூந்தமல்லிக்கு மிக அருகில்... கவுதாரி!

"பூந்தமல்லிக்கு மிக அருகில், இயற்கைச் சூழலில் வீட்டு மனைகள்" என்று விளம்பரம் வந்தால் ஒன்று நிச்சயம். அந்த இயற்கையைப் பொக்லைன் வைத்து வழித்த பிறகுதான் கல் நடுவார்கள்.

வழித்தது என்ன? முள்ளும் காய்ந்த புல்லும். "சும்மா கிடந்த இடம்தானே" என்பார்கள். சும்மா கிடக்கவில்லை சாமி, அங்கே கவுதாரி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது!

மயிலும் காட்டுக்கோழியும் சேர்ந்த அதே ஃபெசன்ட் குடும்பம்தான் இதற்கும். அறிவியல் பெயரில் வரும் 'பாண்டிசெரியானஸ்' நம்ம புதுச்சேரியேதான்.

செம்பரம்பாக்கம் பக்கம் புதர் மிச்சமுள்ள இடத்தில் வீடு கட்டியவர்கள் விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் போதும். ஒன்று உரக்கக் கூப்பிடும், தூரத்தில் இன்னொன்று பதில் கொடுக்கும். ஜோடியாக நடந்து விதையும் கரையானும் பொறுக்கும். ஆள் வந்தால் முதலில் ஓட்டம்தான். வேறு வழியே இல்லையென்றால் படபடவென்று எழும்பி, கொஞ்ச தூரத்தில் மறுபடி புதருக்குள் விழும். இரவுத் தூக்கம் முள்மரத்தில். முட்டை மட்டும் தரையில், புல் மறைவில் ஒரு சின்னப் பள்ளத்தில். முக்கியமாக ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை.

அதாவது அதன் குடும்ப வாழ்க்கை முழுக்க முழங்கால் உயரத்துக்குள். "சுத்தம் பண்றோம்" என்று புல்லைக் கொளுத்தினால் முதலில் எரிவது அந்தக் கூடுதான்.

"பாம்பு வருமே?" நியாயமான பயம். வீட்டைச் சுற்றிச் சுத்தமாக வைத்துக்கொள்ளட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து நான்கு கிரவுண்டையும் ஏன் கொளுத்த வேண்டும்?

"வேலிக்காத்தானை அழிக்கணுமே?" அதுவும் சரி. அது வெளிநாட்டுச் செடி. ஆனால் பொக்லைனுக்கு வேலிக்காத்தானும் தெரியாது, நம்மூர்க் காரைமுள்ளும் தெரியாது. இரண்டையும் சேர்த்தே வழிக்கிறது.

"அழியும் இனம் இல்லையே?" இல்லைதான். உலகத்தில் இருக்கும், பூந்தமல்லியில் இருக்காது. நெடுந்தூரம் பறக்காத பறவை பெங்களூரு நெடுஞ்சாலையைத் தாண்டி எங்கே குடிபோகும்?

இதில் பெரிய வேடிக்கை மயில். 1963-இல் தேசியப் பறவை ஆனது. மதில்மேல் வந்து நின்றால் வாட்ஸ்அப் முழுக்க அதன் படம்தான். அதன் பங்காளி கவுதாரிக்கோ கண்ணியும் குழம்புச்சட்டியும். 1972 வனவிலங்குச் சட்டம் கவுதாரிக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது என்பது படம் அனுப்புகிறவர்களுக்கும் தெரியாது, கண்ணி வைக்கிறவர்களுக்கும் தெரியாது.

10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு, சாலை போக 10 சதவீதம் திறந்தவெளி விட வேண்டும் என்பது விதி. அங்கே என்ன வருகிறது? டைல்ஸ் நடைபாதை, கொரியன் புல், சிமெண்ட் மான். உயிருள்ள பறவையைத் துரத்திவிட்டு சிமெண்ட் மானுக்குப் பெயிண்ட் அடிப்பதற்குப் பெயர் பூங்காவாம்.

அந்த 10 சதவீதத்தில் ஒரு மூலையை மட்டும் முள்ளும் புல்லுமாக விட்டால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், பெயிண்ட் அடிக்க வேண்டாம், செலவே இல்லை. ஒருவேளை அதனால்தான் யாரும் செய்வதில்லையோ?