ஃபார்வர்டு வேண்டாம், புகார் கொடுங்கள்



நம் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் திடீரென்று யாரோ ஒரு பெண்ணின் அந்தரங்கப் படமோ வீடியோவோ வந்து விழுகிறது. "இப்படியெல்லாம் நடக்குது, உஷார்" என்று ஒரு வரி சேர்த்து நாலு குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறோம். நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம், ஆனால் அவமானம் அந்தப் பெண்ணுக்கு.

"போட்ட தளத்துக்காரனை உள்ளே தள்ள வேண்டியதுதானே?" என்று பலர் கேட்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு அதற்கு எளிதில் இடம் தராது. நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்ட பிறகும் நீக்காவிட்டால்தான் அந்தப் பிரிவு தளத்துக்குத் தரும் பாதுகாப்பு போகும் என்று 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அது சரியான தீர்ப்புதான். கண்டவர் சொன்னதற்கெல்லாம் நீக்க வேண்டுமென்றால், ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி நாம் போடும் பதிவு மறுநாள் இருக்காது.

ஆனால் அந்தரங்கப் படங்களுக்கு விதி வேறு. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ தளத்திடம் புகார் கொடுத்தாலே போதும். 2021-இல் விதிகள் வந்தபோது இதற்குத் தளங்களுக்கு வைத்த கெடு 24 மணி நேரம். நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

விதி இப்படி இருந்தும், 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அவருடைய அந்தரங்கக் காட்சிகள் எழுபதுக்கும் மேற்பட்ட தளங்களில் பரவியிருந்தன. 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அதன் பிறகும் வேறு தளங்களில் அவை முளைத்தன. சட்டம் படித்தவருக்கே இந்தப் பாடு.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். ஆபாசக் காட்சியைத் தரவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று அம்பத்தூர் வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் சொன்னதை, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்காத தளங்கள் 79-ஐக் காட்டித் தப்ப முடியாது என்றும் சொல்லிவிட்டது.

குழு அட்மின்கள் பயப்பட வேண்டாம். கரூர் வழக்கறிஞர்கள் குழு பற்றிய வழக்கில், வெறும் அட்மினாக மட்டும் இருந்தவர்மீது குற்றம் சுமத்த முடியாது என்று 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கூறியது. பகிர்ந்தவர் கதை வேறு. யாரோ எழுதியதைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகருக்கு 2024-இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

புகார் எழுதும்போது "அந்த வீடியோவை நீக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் பலனில்லை. முழு லிங்க்கையும், பார்த்த தேதி, நேரத்தையும் குறியுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பி, ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் சாட்சியத்துக்கு உதவும். குழந்தைகளின் காட்சி என்றால் அதுவும் கூடாது, லிங்க் மட்டும் போதும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். நம் பகுதியின் பீர்க்கன்காரணை காவல் நிலையத்துக்குப் போகத் தயங்கும் பெண்கள் வேறு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். எல்லை காட்டி மறுக்கக் கூடாது என்பது சட்டம்.

பக்கத்து வீட்டுப் பெண் தனியாகப் போகத் தயங்கினால் துணைக்குப் போங்கள். ஏன், எப்படி என்று அவரைக் குடையாதீர்கள். இந்த வேண்டுகோளை உங்கள் குடியிருப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இதை மட்டும் தாராளமாக ஃபார்வர்டு செய்யலாம்.

இப்படிக்கு,
பெருங்களத்தூர்ப் பகுதிக் குடியிருப்போர்